விட்டமின் டெஸ்ட் பேக்கேஜ்: ரத்தம் எடுத்த விதம் அருமை, ரிப்போர்ட்தான் போதாது

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப்போய் விட்டமின் அளவுகளைப் பார்த்துச் சொல்லும் பேக்கேஜ் ஒன்றை எடுத்தேன். வந்தவர் வேலை தெரிந்தவர். ஊசியை எடுப்பதற்கு முன்னாலேயே, "முடிக்கு, நகத்துக்குன்னு பயோட்டின் மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். இதைக் கட்டாயம் கேட்க வேண்டும், ஏனென்றால் அதிக டோஸ் பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் ஆன்டிபாடியைக் கொண்டு அளக்கும் சில இம்யூனோஅஸே டெஸ்டுகளில் பி12, டி, தைராய்டு என்று பல முடிவுகள் தப்பாக வரும், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-லேயே எச்சரித்த விஷயம். அப்புறம் விட்டமின் ஏ குழாயை எடுத்த கையோடு அலுமினியத் தாளில் சுற்றினார். வெளிச்சம் பட்டால் அது சிதைந்துவிடும்.

ரிப்போர்ட்டைப் பார்த்தால்தான் கோபம் வருகிறது. 'விட்டமின் டி: 24' என்று போட்டு ஒரு சிவப்பு அம்புக்குறி, அவ்வளவுதான். ரத்தத்தில் விட்டமின் டி-க்கு இரண்டு வடிவங்கள் உண்டு, இது 25-ஹைட்ராக்ஸி அளவா, 1,25-டைஹைட்ராக்ஸி அளவா என்று இல்லை. உடம்பின் கையிருப்பைக் காட்டுவது முதலாவதுதான், அது வாரக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். இரண்டாவது சில மணி நேரத்தில் குறைந்துவிடும், அதுவுமில்லாமல் குறைபாடு இருக்கும்போதே நார்மல் என்று காட்டவும் வாய்ப்புண்டு. போன் பண்ணிக் கேட்டபிறகுதான் முதலாவது என்றார்கள். எந்த முறையில் அளந்தீர்கள், இம்யூனோஅஸேவா, மூலக்கூறின் எடையை வைத்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியா என்றதற்குப் பதிலே இல்லை. முறை மாறினால் எண்ணும் மாறும், அடுத்த தடவை வேறு லேபில் எடுத்து இதோடு எப்படி ஒப்பிடுவது?

அந்தச் சிவப்பு அம்புக்குறியும் தேவையில்லாத பயம். மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் கீழே போனால் போதாது என்பது 2011-இல் ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோக்ரைன் சொசைட்டி வைத்த கோடு, 2024-இல் அவர்களே அதைக் கைவிட்டுவிட்டார்கள். அமெரிக்காவின் மருத்துவ ஆலோசனை அமைப்பான இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2011-இலேயே பெரும்பாலானவர்களுக்கு 20 போதும் என்றது. இதே 24 சில நாடுகளில் லிட்டருக்கு 60 நானோமோல் என்று வரும், 2.5-ஆல் பெருக்கிய கணக்கு. அலகைக் கூட அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

பேக்கேஜில் விட்டமின் ஈ எல்லாம் இருக்கிறது, கொலஸ்ட்ராலோடு சேர்த்துப் பார்க்காவிட்டால் அதற்கு அர்த்தம் குறைவு. அதற்குப் பதில் பி12 இரண்டுங்கெட்டானாக, 200-க்கும் 300 பிகோகிராமுக்கும் நடுவில் வந்தால், குறைபாடு நிஜமா என்று காட்டிக்கொடுக்கும் மெத்தில்மெலோனிக் ஆசிட் பார்க்கலாம் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எனக்கு 260. நானே கேட்டதும் மீதமிருந்த சீரத்திலேயே (ரத்தத்தின் தெளிந்த நீர்) அதையும் செய்து கொடுத்தார்கள், மறுபடி ஊசி போடவில்லை. அதனால் டாக்டர் எழுதிக்கொடுத்த டெஸ்டை மட்டும் இவர்களிடம் தாராளமாகக் கொடுக்கலாம், பேக்கேஜ் வேண்டாம்.