சீட் முதலா, பணம் முதலா? வெளிநாட்டு முதுகலைக்கு நான்கு வழிகள்

வெளிநாட்டில் முதுகலை படிக்க ஸ்காலர்ஷிப் தேடி வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எதுல சார் தொகை அதிகம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "சீட் முதலில் வருமா, பணம் முதலில் வருமா?" தகுதி இருந்தும் பலர் கோட்டை விடுவது இந்த வரிசையில்தான்.

செவனிங்கை எடுத்துக்கொள்வோம். பிரிட்டன் அரசின் உதவித்தொகை. ஓராண்டு முதுகலைக்குக் கல்விக் கட்டணம், மாதச் செலவு, விமான டிக்கெட் எல்லாம் தருகிறார்கள். ஆனால் பணத்துக்கு ஒரு விண்ணப்பம், சீட்டுக்குத் தனி விண்ணப்பம். செவனிங் படிவத்தில் மூன்று படிப்புகளைக் குறிப்பிட்டுவிட்டு, அந்தப் பல்கலைக்கழகங்களுக்கு நாமே தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நேர்காணலில் தேறினாலும், ஜூலைக்குள் அந்த மூன்றில் ஒன்றிலிருந்து நிபந்தனையற்ற ஆஃபர் (எந்த நிபந்தனையும் மீதமில்லாத சேர்க்கைக் கடிதம்) கையில் இல்லையென்றால் அவ்வளவுதான். 2,800 மணி நேர வேலை அனுபவமும் கேட்கிறார்கள். அதாவது சுமார் இரண்டு ஆண்டு. படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பி இரண்டு ஆண்டு இருக்க வேண்டும். கல்லூரியிலிருந்து நேராக வருபவருக்கு இது ஆகாது. வேலையில் இருந்துகொண்டு, இங்கேயே ஏதாவது செய்ய நினைப்பவருக்கு மிக நல்லது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவித்தொகையான எராஸ்மஸ் முண்டுஸில் சீட்டும் பணமும் ஒரே விண்ணப்பத்தில் முடிந்துவிடும். குறைந்தது இரண்டு நாடுகளில் படிப்பு, கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். பெரும்பாலான படிப்புகளுக்கு வேலை அனுபவம் தேவையில்லை. பணவசதி இல்லாத இறுதியாண்டு மாணவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். போட்டி கடுமை, தீர்மானிப்பது பெரும்பாலும் நோக்கக் கடிதம், அதாவது இந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்று நாம் எழுதித் தருவது. ஒரு மாணவி கொண்டுவந்த கடிதம், "சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் ஆர்வம்" என்று தொடங்கியது. பேசிப் பார்த்தால், தன் ஊர்க் கிணறுகளில் உப்பு ஏறுவதை இரண்டு கோடைகள் பாட்டில் பாட்டிலாக நீர் எடுத்து அளந்திருக்கிறாள்! அது மூன்றாம் பக்கத்தில் ஒற்றை வரியாகக் கிடந்தது. அதையே முதல் வரியாக்கி, ஒரே இரவில் கடிதத்தைத் திருப்பி எழுதினாள். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. விசா, டிக்கெட் எல்லாம் அந்த 1,400-க்குள்ளேயே அடக்கம். முதல் தவணை பெரும்பாலும் அங்கே போய்ச் சேர்ந்த பிறகே வரும். டிக்கெட்டுக்கும் வீட்டு அட்வான்ஸுக்கும் முன்கூட்டியே பணம் புரட்டி வைக்க வேண்டும்.

ஜெர்மனியில் ஸ்காலர்ஷிப்பே இல்லாமலும் படிக்கலாம். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வாங்கத் தொடங்கிவிட்டது. ஆனால் விசாவுக்கு முன்பே, மாதத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று கட்டுப்படுத்திய பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ காட்ட வேண்டும், ஏறக்குறைய 12 லட்சம் ரூபாய். அது நம் பணம்தான், மாதம் 992 யூரோவாகத் திரும்பி வரும். இருந்தாலும் மொத்தமாகப் புரட்ட வேண்டுமே! கல்விக்கடன் என்று போனால், 7.5 லட்சத்துக்கு மேல் வங்கிகள் பொதுவாக அடமானம் கேட்கும். அங்கேதான் அப்பா பட்டாவை எடுத்துக்கொண்டு அலைவது தொடங்குகிறது.

நான்காவது, அரசு உதவித்தொகை. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கானது. ஆண்டுக்கு 125 இடங்கள், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு ஆண்டுக்கு 36 லட்சம் வரை கிடைக்கும். தொகையில் மற்ற எதற்கும் இவை குறைந்தவையல்ல. ஆனால் ஒன்றிய அரசின் திட்டத்துக்கு நிபந்தனையற்ற ஆஃபர் முதலில் வேண்டும். பல பல்கலைக்கழகங்களோ இடத்தை உறுதிசெய்ய டெபாசிட் கேட்கும். கையில் காசில்லாத வீட்டுக்காக வந்த திட்டத்துக்குள் நுழையவே காசு தேவைப்படுகிறது. அட்மிஷன் அலுவலகத்துக்கு எழுதி, உதவித்தொகை முடிவு வரும்வரை அவகாசம் கேளுங்கள். சில இடங்களில் தருகிறார்கள்.

இன்னொன்று என்னை உண்மையிலேயே வருத்துகிறது. 2022 முதல் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் சார்ந்த ஆய்வுகளுக்கு இந்த ஒன்றிய உதவித்தொகை கிடையாது. தான் பிறந்த தெருவைப் பற்றி ஆராய விரும்பும் பிள்ளைக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. அவர்களை நான் செவனிங் பக்கம் அனுப்புகிறேன்.

இறுதியாண்டில் இருப்பவர் என்றால், எராஸ்மஸ் விண்ணப்பங்கள் அக்டோபர் முதல் ஜனவரி வரை நடக்கும். டிரான்ஸ்கிரிப்டுக்கு (பல்கலைக்கழகம் தரும் மொத்த மதிப்பெண் பதிவு) இப்போதே எழுதிக் கொடுங்கள். எல்லா மாணவருக்கும் ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றித் தரும் துறைத்தலைவரை விட்டுவிட்டு, உங்கள் புராஜெக்டை உட்கார்ந்து பார்த்த ஆசிரியரிடம் ரெஃபரன்ஸ் கேளுங்கள்.