பந்து பம்ப்: வீட்டில் மருந்து ஏற்றும் நர்ஸின் பார்வையில் ஒரு மதிப்பீடு

பேட்டரி கிடையாது, திரை கிடையாது, அலாரம் கிடையாது. பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு ரப்பர் பலூன், அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய், நுனியில் லூயர் லாக், அதாவது திருகி இணைக்கும் முனை. எலாஸ்டோமெரிக் பம்ப், அதாவது பந்து பம்ப், என்பது இவ்வளவுதான். மருந்தை நிரப்பினால் பலூன் விரிகிறது. திரும்பச் சுருங்கும்போது மருந்தை மெதுவாக ரத்தக்குழாய்க்குள் தள்ளுகிறது. குடல் புற்றுநோய்க்கு 46 மணி நேரம் ஏற்ற வேண்டிய ஃப்ளூரோயுராசில் என்ற கீமோ மருந்தை மருத்துவமனைக் கட்டிலில் படுக்காமல் இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு வீட்டில் நடமாட முடிவது இதனால்தான். எலும்புத் தொற்றுக்கு வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் தேவைப்படுபவர்களுக்கும் இதே பம்ப்தான்.

பொருளைப் பற்றி எங்களுக்குப் பெரிய குறை இல்லை. அதை நர்ஸிடம் ஒப்படைக்கும் விதத்தில்தான் குறை. நிறுவனப் பிரதிநிதியின் டெமோ பெரும்பாலும் மூடியைத் திற, போர்ட்டில் (தோலுக்கடியில் பதித்த மருந்து ஏற்றும் வாயில்) இணை, டேப் ஒட்டு என்பதோடு முடிந்துவிடுகிறது. இரவு பதினொரு மணிக்கு நோயாளி போன் செய்து, ‘சிஸ்டர், பந்து அப்படியே இருக்கே, சுருங்கவே இல்லையே’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதை அந்த டெமோ கற்றுத் தருவதில்லை.

அதற்குப் பதில் சொல்ல, மருந்தின் வேகத்தைத் தீர்மானிப்பது எது என்று தெரிந்திருக்க வேண்டும். பலூன் தள்ளுகிறது, ஆனால் எவ்வளவு போகலாம் என்று கட்டுப்படுத்துவது குழாயின் நுனிப் பக்கம் இருக்கும் ரெஸ்ட்ரிக்டர், அதாவது முடியளவு துளையுள்ள நுண்குழாய். துளை அவ்வளவு சிறிது என்பதால், அதன் வழியே போகும் திரவம் கொஞ்சம் சூடானாலும் இளகி வேகமெடுக்கும், கொஞ்சம் குளிர்ந்தாலும் தடித்து மந்தமாகும். பாக்ஸ்டர் நிறுவனம் தன் இன்ஃப்யூசர் பம்பை 33.3 டிகிரி செல்சியஸில், 5% டெக்ஸ்ட்ரோஸ் கரைசலை வைத்து அளவிடுகிறது. அது தோலின் வெப்பநிலை. ரெஸ்ட்ரிக்டர் உடம்போடு ஒட்டியிருக்கும் என்ற நம்பிக்கையில்தான் லேபிளில் உள்ள எண் அச்சிடப்படுகிறது. ஒரு டிகிரி மாறினால் வேகம் சுமார் 2.3% மாறும்.

இதைக் கணக்குப் போட்டால்தான் கனம் புரியும். டேப் கழன்று ரெஸ்ட்ரிக்டர் சட்டைக்கு வெளியே தொங்குகிறது, அறையில் ஏ.சி. 22 டிகிரியில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பதினொரு டிகிரி குறைவு, வேகத்தில் கால் பங்கு போய்விடும். 46 மணி நேரத்தில் முடிய வேண்டியது 62 மணி நேரம் இழுக்கும். இதையே மின்சாரம் போன ஒரு மே மாத மதியத்தில், 40 டிகிரி காற்றில் தொங்கவிட்டால் 15% வேகம் கூடி, 40 மணி நேரத்தில் காலியாகிவிடும். பம்ப் பழுதாகவில்லை, ஒரு துண்டு டேப் கழன்றிருக்கிறது, அவ்வளவே. ஆகவே போனில் முதல் கேள்வி, ‘அந்தச் சின்னக் கட்டை (ரெஸ்ட்ரிக்டர்) தோலோடு ஒட்டியிருக்கிறதா?’ என்பதாக இருக்கட்டும். அடுத்து கிளாம்ப், அதாவது குழாயை அடைக்கும் கவ்வி, திறந்திருக்கிறதா, குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, ஊசி குத்திய இடத்தில் வீக்கம், எரிச்சல், ஈரம் உண்டா என்று கேட்க வேண்டும். வீக்கமோ எரிச்சலோ இருந்தால் அத்துடன் கேள்விகளை நிறுத்திவிட்டு, கிளாம்பை மூடச் சொல்லி நேரில் பார்த்தாக வேண்டும். கிளாம்ப் இல்லாத மாடலில் ஓட்டத்தை நிறுத்துவது எப்படி என்பதை முதல் நாளே வீட்டாருக்குக் காட்டியிருக்க வேண்டும்.

டேப்பில் இன்னொரு கண்ணி இருக்கிறது. சில பிராண்டுகளில் குழாயின் நடுவே காற்றை வெளியேற்றும் ஃபில்டர் உண்டு. அதன் மேல் டேப் ஒட்டக் கூடாது. காற்றுத் துளை அடைபட்டால் ஓட்டம் நின்றுவிடும். ரெஸ்ட்ரிக்டரை ஒட்ட வேண்டும், ஃபில்டரை ஒட்டக் கூடாது. இரண்டும் ஒரே குழாயில்தான் இருக்கின்றன. எது எது என்று கையில் எடுத்துக் காட்டாமல் படத்தில் மட்டும் காட்டும் பயிற்சி இந்த இடத்தில் தோற்றுப்போகிறது.

உயரமும் கணக்கில் சேரும். பலூனும் லூயர் முனையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஓர் அங்குலம் ஏறினாலோ இறங்கினாலோ சுமார் 0.5% மாற்றம். கட்டிலில் படுத்துக்கொண்டு பம்பைத் தரையில் வைத்தால், இரண்டடி இறக்கத்துக்கு 12% வேகம் குறையும். தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னால் போதும். கையில் போடும் கேனுலா (ரத்தக்குழாய்க்குள் வைக்கும் மெல்லிய குழாய்) என்றால் 22 கேஜை விட மெலிதாக இருக்கக் கூடாது.

நிரப்பும் இடத்தில் நடக்கும் தவறுகள் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியவரும். ஓர் உதாரணம்: உடல் மேற்பரப்பு 1.6 சதுர மீட்டர், டோஸ் சதுர மீட்டருக்கு 2400 மி.கி. மொத்தம் 3840 மி.கி. மில்லிக்கு 50 மி.கி. உள்ள ஃப்ளூரோயுராசில் என்றால் 76.8 மி.லி. மணிக்கு 5 மி.லி. ஓடும் பம்பில் 46 மணி நேரத்துக்கு மொத்தக் கொள்ளளவு 230 மி.லி. ஆக வேண்டும், மீதி 153.2 மி.லி. கரைசல். அந்த மீதி எதுவாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியமான கேள்வி. டெக்ஸ்ட்ரோஸில் அளவிட்ட பம்பில் சலைனை ஊற்றினால், சலைன் இளக்கமானது என்பதால் சுமார் 10% வேகமாக ஓடி 42 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வேறு பிராண்ட் சலைனிலேயே அளவிடப்பட்டிருக்கலாம். ஒரு பிராண்டுக்குப் பழகிய கை இன்னொரு பிராண்டை அதே கணக்கில் நிரப்பக் கூடாது. குறிப்பிட்ட அளவுக்குக் குறைவாக நிரப்பினால் வேகம் கூடும், அதிகம் நிரப்பினால் குறையும். பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும். பலூனின் ரப்பர் அப்படித்தான் நடந்துகொள்கிறது. சிரிஞ்சில் உள்ள காற்றை வெளியேற்றிவிட்டே நிரப்ப வேண்டும். ஃப்ளூரோயுராசிலை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. குளிரில் படிகம் கட்டும், அந்தப் படிகம் நுண்குழாயை அடைத்துவிடும்.

பேட்டரியில் ஓடும் எலக்ட்ரானிக் பம்ப் இதைவிடத் துல்லியமானது, அடைத்தால் கத்தும். ஆனால் அதற்கு எண்களை மனிதர்தான் உள்ளிட வேண்டும். 2006-ல் கனடாவின் எட்மன்டன் நகரில், நான்கு நாட்களுக்கு ஓட வேண்டிய ஃப்ளூரோயுராசில் நான்கே மணி நேரத்தில் ஏறி ஒரு நோயாளி இறந்தார். 24 மணி நேரத்துக்கு 28.8 மி.லி. என்பது மணிக்கு 28.8 மி.லி. என்று பம்பில் பதிவானது. சரியான எண் மணிக்கு 1.2. வீட்டில் மருந்து ஏற்றுவதைப் பற்றிய எந்தப் பயிற்சியும் இந்த ஒரு சம்பவத்தைப் பிரித்துப் படிக்காமல் முடியக் கூடாது. பந்து பம்பில் இப்படி எண்ணைத் தவறாக அழுத்த வழியில்லை, அது அதன் பெரிய பலம். ஆனால் அலமாரியில் மணிக்கு 5 மி.லி. ஓடும் பம்பும் மணிக்கு 10 மி.லி. ஓடும் பம்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, மாற்றி எடுத்துவிட்டால், 46 மணி நேர மருந்து 23 மணி நேரத்தில் உள்ளே போய்விடும். கூட்டின் மீதுள்ள வேகத்தை இரண்டு பேர் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்த பிறகே இணைக்க வேண்டும்.

பம்ப் சரியாக ஓடினாலும் 10% முன்பின் ஆகலாம்: 41 மணி நேரத்திலிருந்து 51 மணி நேரம் வரை இயல்பு என்று வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். பாதி நேரத்திலேயே காலியாகிவிட்டால் அது அவசரநிலை. நோயாளி நன்றாக இருக்கிறாரே என்று விடக் கூடாது. வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் ரத்த அணுக்கள் குறைவதும் சில நாள் கழித்தே தலைகாட்டும். அதிகமாக ஏறிய ஃப்ளூரோயுராசிலின் நச்சை முறிக்கும் மருந்தான யூரிடின் ட்ரையசிடேட்டுக்கு அமெரிக்காவில் 2015-ல் அனுமதி கிடைத்தது. மருந்து ஏறி முடிந்த 96 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், ஆறு மணி நேரத்துக்கொரு தரம் 10 கிராம் வீதம் 20 வேளை. அந்த 96 மணி நேரக் கடிகாரம் நர்ஸ் போனை எடுப்பதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிடுகிறது. புற்றுநோய் மருத்துவரை அன்றே, அந்த மணி நேரத்திலேயே அழைக்க வேண்டும்.

ஆன்டிபயாடிக் பக்கம் பிரச்சினை வேகத்தை விட, பலூனுக்குள் மருந்து தாங்குமா என்பதில் இருக்கிறது. உடம்போடு ஒட்டிய பையில் 24 மணி நேரம் இருக்கும் மருந்து அறை வெப்பத்தை விடச் சூடாக இருக்கும். அதனால்தான் பிரிட்டனில் இந்த பம்புகளில் மருந்தின் நிலைத்தன்மையை 32 டிகிரியில் சோதிக்கச் சொல்கிறார்கள். மெரோபெனெம் அந்தச் சூட்டில் ஒரு நாள் தாங்காது. செஃப்டாசிடிம் சிதைந்தால் பிரிடின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். 25 டிகிரி அட்டவணையைப் பார்த்து, நம் ஊர் வெயிலில் நடமாடும் நோயாளிக்கு 24 மணி நேர பம்ப் நிரப்புவது சரியல்ல. ஃபிரிட்ஜில் வைத்த பம்ப் என்றால், வெளியே எடுத்தபின் பெரிய பந்து அறை வெப்பத்துக்கு வரப் பல மணி நேரம் ஆகும். சுடுநீரில் போடுவதும் மைக்ரோவேவில் வைப்பதும் கூடவே கூடாது. தினம் ஒரு வேளை செஃப்ட்ரையாக்சோன் மட்டும் என்றால் பம்பே வேண்டாம் என்போம். சில நிமிட மெதுவான ஊசியாகப் போடும் நடைமுறை பல இடங்களில் இருக்கும்போது, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பொருளுக்குக் குடும்பம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், எங்கள் பதில் அரை நாள், இரண்டு பம்ப், ஒரு சமையலறைத் தராசு. தயாரிப்பாளர் சொன்ன அதே கரைசலை இரண்டிலும் நிரப்புங்கள். ஒன்றின் ரெஸ்ட்ரிக்டரைக் கையில் ஒட்டுங்கள், மற்றதை ஏ.சி. காற்றில் தொங்கவிடுங்கள். இரண்டின் முனையையும் கிண்ணத்தில் சொட்டவிட்டு, மணிக்கொரு முறை பம்பைத் தராசில் வைத்து எடை பாருங்கள். ஒரு மி.லி. ஏறக்குறைய ஒரு கிராம், 5 மி.லி. பம்ப் மணிக்கு 5 கிராம் இழக்க வேண்டும். முதல் மணி நேரத்தில் பலூன் சற்று வேகமாகத் தள்ளும், கடைசியிலும் அப்படித்தான். அதனால் நான்கு மணி நேரக் கூட்டுத்தொகையை ஒப்பிடுவதே சரி. இந்தத் தராசுப் பழக்கத்தை வீட்டாருக்கும் சொல்லித் தரலாம்: இணைத்ததும் ஒரு எடை, மறுநாள் காலை அதே நேரத்தில் ஒரு எடை. பந்து சுருங்கியதா என்று கண்ணால் பார்ப்பதை விட இது நம்பகமானது, ஏனென்றால் முதல் நாள் பந்தின் உருவத்தில் பெரிய மாற்றம் தெரியாது.

வாங்கலாமா? ஒரே வேகத்தில் ஓட வேண்டிய, பலூனில் தாங்கும் என்று சோதிக்கப்பட்ட மருந்துக்குத் தாராளமாக வாங்கலாம். வேகத்தை அவ்வப்போது கூட்டிக் குறைக்க வேண்டிய மருந்துக்கும், ரத்தக்குழாய் வழி உணவுக்கும் இது பொருந்தாது. கீமோ முடிந்து கழற்றும் நாளில் இரட்டைக் கையுறை, ஸ்பில் கிட் (சிந்திய மருந்தைத் துடைத்தெடுக்கும் பொருட்கள்), மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பை மூன்றும் நர்ஸின் பையில் இருக்க வேண்டும். காலி பம்பில் சில மில்லி மருந்து எப்போதும் மிச்சமிருக்கும். அது வீட்டுக் குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது, மருத்துவமனைக்கே திரும்பிப் போக வேண்டும்.