டி.எம்.எம்.பி. சாயம்: ஏழு வருட அனுபவம்

"அக்கா, திசுவில் உள்ள கிளைக்கோசமினோகிளைக்கானை அளக்க டி.எம்.எம்.பி. போதுமா, எச்.பி.எல்.சி. பக்கம் போகணுமா?" என்று போன வாரம் ஒரு தோழி கேட்டாள். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே. கிளைக்கோசமினோகிளைக்கான் என்பது திசுவில் உள்ள நீண்ட சர்க்கரைச் சங்கிலி. டி.எம்.எம்.பி. (டைமெத்தில்மெத்திலீன் ப்ளூ) அதோடு சேர்ந்தால் நிறம் மாறும் நீலச் சாயம். எச்.பி.எல்.சி. கலவையைப் பிரித்து அளக்கும் கருவி.

என் வேலை ஆட்டு முழங்கால் குருத்தெலும்பில். கறிக்கடையில் வாங்கிய மூட்டிலிருந்து சீவி எடுத்து, புரதத்தைக் கரைக்கும் பப்பாளி நொதியான பப்பெயினில் 60 டிகிரியில் ஓர் இரவு வைத்தால் காலையில் திசு கரைந்திருக்கும். அதில் ஒரு சொட்டு நீலச் சாயத்தில் விழுந்ததும் ஊதாவாகத் திரும்பும். சல்பேட் ஏறிய சர்க்கரைச் சங்கிலி மேல் சாய மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கிக்கொள்வதால் வரும் நிறம் அது. இன்றைக்கும் நின்று பார்ப்பேன். 525 நானோமீட்டர் அலைநீள ஒளியில் ரீடிங் எடுத்தால் வேலை முடிந்தது. இதே சங்கிலிகளை அளக்க, அடர் கந்தக அமிலத்தைக் கொதிநீரில் வைக்கும் பழைய கார்பசோல் முறையில் கை நடுங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் அந்த ஊதா நிற்பதில்லை. சாயமும் சங்கிலியும் சேர்ந்த கூட்டு சில நிமிடங்களில் திரண்டு அடியில் படிகிறது. பிளேட்டின் 96 குழிகளுக்கும் ஒவ்வொன்றாகச் சாயம் விட்டு முடிப்பதற்குள் முதல் வரிசையில் ஊதாத் துணுக்குகள். ஒரே கரைசலை முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் வைத்துப் பார்த்தேன். முதலாவது ஒவ்வொரு முறையும் குறைவாகவே வந்தது. ஆரம்பத்தில் எடுத்த ஆறு மாத ரீடிங்கை அதனால் தூக்கிப் போட்டேன்.

1986-இல் பார்ன்டேல், பட்டில், பாரெட் மூவரும் திருத்தி வெளியிட்ட முறையைத்தான் பின்பற்றுகிறேன். மல்டிசானல் பிப்பெட்டில் எட்டெட்டாக விடுகிறேன், ஒப்பிட்டுப் பார்க்க அளவு தெரிந்த ஸ்டாண்டர்டை இரண்டு ஓரத்திலும் வைக்கிறேன். அப்புறமும் நிறத்தை அளக்கும் ரீடர் கருவி காலியாக இருக்க வேண்டுமே! நேற்று வேறொருவர் முடிக்க ஐந்து நிமிடம் காத்திருந்ததில் இரண்டு பிளேட் வீண்.

சரி, தோழி எடுக்கப்போவது கல்லீரல். குருத்தெலும்பு மாதிரி அதில் சங்கிலிகள் கொட்டிக் கிடக்காது, டி.என்.ஏ.வும் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். ஹயலுரோனிக் அமிலம் என்ற இன்னொரு சங்கிலியில் சல்பேட் இல்லாததால் அது இந்தச் சாயத்தில் தெரியவே தெரியாது. சங்கிலி எந்த வகை, காண்ட்ராய்டினா ஹெப்பாரனா என்று பிரித்தும் சொல்லாது. அதற்கு நொதியால் வெட்டி, இரட்டைச் சர்க்கரைகளை 232 நானோமீட்டரில் பார்க்க வேண்டும். அவளுக்கு எச்.பி.எல்.சி.தான்.

குருத்தெலும்புக்கு இதைவிட எளிய முறையை நான் பார்த்ததில்லை. ஆனாலும் நேற்றைய கோபம் இன்னும் தீரவில்லை. எச்.பி.எல்.சி.யில் வாரம் ஒரு நாள் ஒதுக்கித் தந்தால் நானும் மாறிவிடுவேன்.