நரிக்கு வீடு, குரோமியத்துக்குத் திண்ணை: லினக்ஸில் நான் பிரவுசர் தேர்ந்த கதை

பத்து வயதான திங்க்பேட் டி450 என்னுடையது. ஐந்தாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. உபுண்டு 22.04 என்ற லினக்ஸில் இருந்து டெபியன் 13 என்ற இன்னொரு லினக்ஸுக்கு மாறும்போது எல்லாவற்றையும் பத்திரமாக நகலெடுத்தேன் என்று ஒரு பெருமிதம் வேறு. புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் இருக்கும் பயர்பாக்ஸ் ப்ரொஃபைல் ஃபோல்டரைப் பழைய வட்டில் இருந்து எடுத்து இங்கே போட்டு, திறந்தால், இந்த ப்ரொஃபைல் உன்னிடம் இருப்பதைவிடப் புதிய பயர்பாக்ஸில் உருவானது, நான் திறக்க மாட்டேன், புதிதாக ஒன்று தொடங்கு என்று சொல்லிவிட்டது. ஆறு வருட புக்மார்க் கண்ணெதிரே இருக்கிறது, கை வைக்க முடியவில்லை.

யோசித்துப் பார்த்தால் தப்பு என்னுடையதுதான். உபுண்டுவில் இருந்தது அவ்வப்போது வெளியாகும் புதிய பதிப்பு. டெபியன் கொடுப்பது இஎஸ்ஆர் எனப்படும் நிதானமான பதிப்பு, ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு முறைதான் பெரிய தாவல். புதியது எழுதிய தரவைப் பழையது திறந்து குழப்பிவிடக் கூடாது என்றுதான் அந்தத் தடை. ஆனால் அன்றைக்கு இருந்த எரிச்சலில், சரி, பயர்பாக்ஸே வேண்டுமா என்று எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துவிடலாம் என உட்கார்ந்தேன். ஒரு மாதம் ஓடியது. அந்த ஒரு மாதத்தின் கதைதான் இது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் பிரவுசர் தேர்ந்தெடுக்கும்போது வேகப் போட்டிகளின் மதிப்பெண்ணைப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். இன்றைக்கு எல்லாமே போதுமான வேகம்தான். பிரவுசர் உங்கள் மெஷினுக்குள் எந்த வாசல் வழியாக வருகிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. உபுண்டு 22.04-இல் இருந்து டெர்மினலில் பயர்பாக்ஸ் என்று கேட்டு நிறுவினாலும் வருவது ஸ்னாப் எனப்படும் உபுண்டுவின் சொந்தப் பொதி வடிவம்தான், கூகுள் குரோமுக்கு அடிப்படையான திறந்த மூலப் பிரவுசர் குரோமியம் அதற்கும் முன்பே, 19.10-இலேயே அப்படி ஆகிவிட்டது. ஸ்னாப்பில் பிரவுசர் ஒரு வேலிக்குள் அடைபட்டிருக்கும். பாதுகாப்புக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் டெம்ப் ஃபோல்டரில் உள்ள ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பையோ மறைந்த ஃபோல்டர்களில் இருப்பதையோ திறக்கச் சொன்னால் தெரியாதது போல நிற்கும், கணினியில் தனியாக ஓடும் பாஸ்வேர்டு மேலாளரோடு பேச ஆரம்ப காலத்தில் வழியே இருக்கவில்லை, ப்ரொஃபைலும் வழக்கமான இடத்தில் இல்லாமல் ஸ்னாப் ஃபோல்டருக்குள்ளே எங்கோ உட்கார்ந்திருக்கும். லினக்ஸ் மின்ட் 2020-இல் 20-ஆம் பதிப்பிலேயே ஸ்னாப்புக்குக் கதவைச் சாத்திவிட்டது, அதனால் மின்ட் ஆட்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது.

பலருக்குத் தெரியாத ஒரு வழி உண்டு. 2024 ஜனவரியில் வந்த 122-ஆம் பதிப்பில் இருந்து பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவே, டெபியன், உபுண்டு வகைக்கான டெப் பொதிகளைத் தன் சொந்தக் களஞ்சியத்தில் இருந்து தருகிறது. அதைச் சேர்த்துவிட்டால் டெபியனோ உபுண்டுவோ, புதிய பயர்பாக்ஸ் மற்ற அப்டேட்டுகளோடு சேர்ந்தே வந்துவிடும். உபுண்டுக்காரர்கள் மட்டும் இந்தக் களஞ்சியத்துக்கு முன்னுரிமை கொடுக்கும் சிறு கோப்பு ஒன்றை எழுதி வைக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்னாப் பின்வாசல் வழியாகத் திரும்ப வந்துவிடும். நானும் இதைத்தான் செய்தேன், பழைய ப்ரொஃபைல் மறுபேச்சு இல்லாமல் திறந்துகொண்டது. டெபியனில் 2006-இல் இருந்து 2016 வரை இதே பிரவுசர் பெயர், சின்னம் தொடர்பான உரிமைச் சண்டையால் ஐஸ்வீசல் என்ற பெயரில் இருந்தது. அந்தக் காலத்தில் டெபியன் வைத்திருந்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.

சரி, அடுத்தது தமிழ். இதை எந்த ஆங்கில விமர்சனத்திலும் பார்க்க முடியாது என்பதால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். எழுத்துக்களைக் கோர்க்கும் வேலையைப் பயர்பாக்ஸிலும் குரோமியத்திலும் ஹார்ஃபஸ் என்ற ஒரே நூலகம்தான் செய்கிறது, அதனால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும் பழைய கொடுமை இரண்டிலும் இல்லை. வித்தியாசம் எழுத்துருவைத் தேர்வதில் இருக்கிறது. பயர்பாக்ஸ் செட்டிங்ஸில் எழுத்துரு பகுதிக்குப் போய் மேம்பட்டது என்பதைத் தட்டினால் மொழிவாரியாகத் தேர்வு வரும், அதில் தமிழ் தனியாக இருக்கிறது. லோஹித் எழுத்துருவின் அந்த ஒல்லி எழுத்து பிடிக்கவில்லையா, நோட்டோ செரிஃப் தமிழ் போடுங்கள். அதே பெட்டியில் தமிழுக்கு மட்டும் குறைந்தபட்ச அளவும் வைக்கலாம். ஆங்கிலத்துக்குச் சரியாக இருக்கும் அளவு தமிழுக்குப் பொடிப்பொடியாகத்தான் தெரிகிறது, ஒரு மூலையில் ண, ன, ந மூன்றும் ஒன்றுபோல நெளியும். நாற்பதைத் தாண்டிய கண்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே பயர்பாக்ஸுக்கு ஓட்டு போடலாம். பக்கத்தை எழுதியவர் தன் எழுத்துருவைத் திணித்திருந்தால் மட்டும் இது வேலை செய்யாது, அதற்கும் அதே இடத்தில் ஒரு டிக் இருக்கிறது, எடுத்துவிட்டால் உங்கள் எழுத்துருதான் எங்கும். குரோம், பிரேவ், விவால்டி அடங்கிய குரோமியம் வகையறாவில் செட்டிங்ஸ் பக்கத்தில் இப்படி மொழிவாரிப் பிரிவே கிடையாது. ஒரு எக்ஸ்டென்ஷன் போட வேண்டும், அல்லது கணினியின் எழுத்துரு அமைப்புக் கோப்பில் கையால் எழுத வேண்டும்.

தட்டச்சிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகத் தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டுகிறவன் நான். பயர்பாக்ஸ் 121-இல் இருந்து, அதாவது 2023 டிசம்பரில் இருந்து, லினக்ஸில் திரையில் காட்டும் வேலையைச் செய்யும் புதிய முறையான வேலண்டில் நேரடியாகவே ஓடுகிறது, தமிழும் பிரச்சினை இல்லாமல் வருகிறது. குரோமியம் குடும்பத்தில் சில காலம் முன்பு வரை வேலண்டுக்கு நேரடியாக மாற்றினால் எழுத்து கூர்மையாகத் தெரியும், ஆனால் ஐபஸ் ஊமையாகிவிடும். பழைய முறையில் ஓட்டினால் தமிழ் வரும், ஆனால் 125 சதவீதம் பெரிதாக்கிய மானிட்டரில் எல்லாம் பனிமூட்டம். அதற்கென ஃபிளாக் எனப்படும் மறைவான அமைப்பு ஒன்று இருக்கிறது, தேடிப் போட்டால் சரியாகும். படிக்க வேண்டுமா எழுத வேண்டுமா என்று ஒரு பிரவுசர் என்னைக் கேட்பதே எனக்குப் பிடிக்கவில்லை.

வீடியோ பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் விஷயம் பிரவுசரைவிட உங்கள் மெஷினின் வயதில் இருக்கிறது. யூடியூப் பெரும்பாலும் விபி9 அல்லது ஏவி1 வடிவில் அனுப்பும். என் டி450-இன் கிராஃபிக்ஸுக்கு அவற்றைத் தானாகப் பிரிக்கத் தெரியாது, எல்லா வேலையும் பிராசஸர் தலையில் விழும், விசிறி கிரைண்டர் மாதிரி கத்தும். ஹெச்264இஃபை என்ற சின்ன எக்ஸ்டென்ஷன் போட்டு யூடியூபைப் பழைய ஹெச்.264 வடிவிலேயே அனுப்ப வைத்தால் வேலை கிராஃபிக்ஸ் பக்கம் போய்விடும். 1080பி-க்கு மேல் வராது, ஆனால் இந்தத் திரைக்கு அதுவே அதிகம். பயர்பாக்ஸில் 115-ஆம் பதிப்பில் இருந்து இன்டெல் கிராஃபிக்ஸுக்கு இந்த வசதி தானாகவே திறந்திருக்கிறது. குரோமியத்தில் நீண்ட காலம் ஃபிளாக்குகளைத் தட்டித் தட்டித்தான் வரவழைக்க வேண்டியிருந்தது.

விளம்பரத் தடுப்பு. இதில்தான் குரோம் என்னிடம் தோற்றது. எக்ஸ்டென்ஷன்களுக்குக் கூகுள் போட்ட மேனிஃபெஸ்ட் வி3 என்ற புதிய விதியால் முழு யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான் குரோமில் 2025-இல் செத்தேவிட்டது, இப்போது லைட் என்று ஒரு மெலிந்த தம்பிதான் இருக்கிறான். பயர்பாக்ஸ் பழைய விதியையும் விடாமல் வைத்திருப்பதால் அண்ணன் இங்கே நலமாக இருக்கிறார். 8 ஜிபி ரேமில் இது கொள்கை விஷயம் மட்டுமல்ல. செய்தித் தளம் ஒன்றை விளம்பரத்தோடும் இல்லாமலும் திறந்து பாருங்கள், மெஷின் விடும் மூச்சிலேயே தெரியும். பிரேவ் இந்த இடத்தில் நல்ல மாற்று, ஏனென்றால் அதன் தடுப்பான் எக்ஸ்டென்ஷன் இல்லை, உள்ளேயே கட்டியது, கூகுளின் விதி அதைத் தொடாது. ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கிய பிரெண்டன் ஐக் தொடங்கியது, வேலையும் சுத்தம். ஆனால் வாலட், ரிவார்ட்ஸ், ஏஐ என்று வாசலிலேயே ஒரு பொருட்காட்சி போட்டிருக்கிறார்கள், ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 2020-இல் சில கிரிப்டோ தள முகவரிகளைத் தட்டும்போது தன் பரிந்துரைக் குறியீட்டைச் சேர்த்துப் பிடிபட்டு, அப்புறம் திருத்திக்கொண்டார்கள். நான் அதை மறக்கவில்லை, அவ்வளவுதான்.

விவால்டி அழகு. டேப்களை அடுக்கி வைக்கலாம், திரையைப் பிரிக்கலாம், மின்னஞ்சலையே உள்ளே படிக்கலாம். பழைய ஓப்பராவை நேசித்தவர்களுக்குத் தாய்வீடு மாதிரி இருக்கும், ஓப்பராவின் முன்னாள் தலைவர் ஆரம்பித்தது அல்லவா. ஆனால் அதன் முகப்பே வலைத் தொழில்நுட்பத்தில் கட்டியது, என் கிழட்டு மெஷினில் அந்தக் கனம் தெரிகிறது. முகப்பின் மூலநிரல் திறந்ததும் இல்லை. புதிய லேப்டாப் இருந்தால் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். க்னோம் டெஸ்க்டாப்பின் சொந்தப் பிரவுசர் படிக்க மட்டும் இனிமை, வீடியோ அழைப்பு என்றால் கையை விரித்துவிடும். லிப்ரேவுல்ஃப் பயர்பாக்ஸின் கண்டிப்பான உறவினர். அடையாளத்தை மறைக்கிறேன் என்று நேர மண்டலத்தையே மறைத்துவிடுகிறது, தளங்களில் நேரம் ஐந்தரை மணி பின்னால் தெரியும். நான் இரண்டு நாள், ரயில் முன்பதிவு நேரம் பார்க்கும்போதெல்லாம் விரலில் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொரு சின்னத் தொல்லை, ஆனால் தினசரித் தொல்லை. கணினியில் பாஸ்வேர்டு இல்லாமல் தானாக உள்நுழைய வைத்திருந்தால், குரோமியம் வகைப் பிரவுசர் திறந்த உடனே சாவிக்கொத்தைத் திறக்க பாஸ்வேர்டு கொடு என்று ஒரு பெட்டி குதிக்கும். பிரவுசரின் பாஸ்வேர்டுகளைப் பூட்டும் சாவியை அது டெஸ்க்டாப்பின் சாவிக்கொத்தில் வைத்திருக்கிறது, தானாக உள்நுழைந்தால் அந்தக் கொத்து திறப்பதில்லை, அதனால் கேட்கிறது. பயர்பாக்ஸ் கேட்காது, தன் பெட்டியில் தானே வைத்துக்கொள்ளும். நியாயமாகச் சொன்னால், முதன்மைப் பாஸ்வேர்டு ஒன்று நீங்கள் வைக்காவிட்டால் அந்தப் பெட்டிக்குப் பூட்டு இல்லை என்றுதான் அர்த்தம். வைத்துவிடுங்கள்.

பயர்பாக்ஸை மாமனார் வீடு மாதிரிப் புகழ்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் கொடுக்கும் தேடல் பணம். 2025 தொடக்கத்தில் பயன்பாட்டு விதிமுறைகளை மாற்றியபோது, உங்கள் தரவை விற்க மாட்டோம் என்ற பழைய வாக்குறுதியைத் தூக்கிவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் விளக்கத்துக்கு மேல் விளக்கம் கொடுத்தார்கள். புதிய டேப்பில் காசு வாங்கிப் போட்ட குறுக்குவழிகள் இருக்கும், செட்டிங்ஸில் போய் அணைக்க வேண்டும். அப்புறம், பயர்பாக்ஸை வாசலிலேயே நிறுத்தும் தளங்கள் இன்னும் இருக்கின்றன. என் பணம் இருக்கும் ஒரு வங்கியின் தளம் குரோமில் வரச் சொல்லும். பிரவுசரின் அடையாளத்தை மட்டும் குரோம் என்று மாற்றிக் காட்டினால் அதே பக்கம் அழகாகத் திறக்கிறது! என்னத்தைச் சொல்ல.

இருந்தும் வீட்டைப் பயர்பாக்ஸுக்குத்தான் கொடுத்தேன், கன்டெய்னர்களுக்காக. அலுவலக மெயில் ஒரு நிற டேப்பில், சொந்த மெயில் வேறு நிற டேப்பில், கடைத் தளங்கள் மூன்றாவதில், ஒன்றின் குக்கி இன்னொன்றுக்குத் தெரியாது. குரோமியத்தில் இதற்கு ப்ரொஃபைலுக்கு ஒரு சன்னல் திறக்க வேண்டும், 8 ஜிபியில் அது கட்டுப்படியாகாது. டெபியனின் குரோமியம் திண்ணையில் படுத்திருக்கிறது, அந்த வங்கிக்கும் அடம்பிடிக்கும் ஒன்றிரண்டு அரசுத் தளங்களுக்கும் மட்டும் எழுந்து வரும். அதில் கூகுள் கணக்கின் சிங்க், அதாவது புக்மார்க், பாஸ்வேர்டு ஒத்திசைவு, வேலை செய்யாது, 2021 மார்ச்சிலேயே கூகுள் அந்த வசதியை நிறுத்திவிட்டது. திண்ணையில் இருப்பவருக்கு அலமாரி எதற்கு? இரண்டில் எது இயல்பானது என்பதை டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸில் ஒரு முறை குறித்துவிட்டு, என்னை இயல்பாக்கு என்று கேட்கும் பெட்டியை இரண்டிலும் நிரந்தரமாக மூடிவிடுங்கள்.

மிச்சம் இருப்பது அலமாரியில் கிடக்கும் 32 பிட் நெட்புக். குரோம் 2016-லேயே அந்த வகை லினக்ஸைக் கைகழுவியது. பயர்பாக்ஸ் 144 வரை தாங்கிப் பிடித்துவிட்டு விட்டது. இப்போதைக்கு அதில் இஎஸ்ஆர் 140 ஓடுகிறது, ஒரே நேரத்தில் இரண்டு டேப், மூன்றாவது திறந்தால் டீ போட்டு வரலாம். 2026 செப்டம்பர் வரையாவது பாதுகாப்பு அப்டேட் தருவதாக மொசில்லா சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகு அதன் இணையத்தைப் பிடுங்கிவிட்டு, அதை மகனுடைய பாட்டுப் பெட்டியாக்கிவிடலாம் என்று இருக்கிறேன்.