பெரிய பிரேக் போட்ட ஆக்டேவியாவுக்கு 18 அங்குல மெல்லிய ஸ்டெப்னி: வாங்கலாமா?

மூன்றாம் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா காரில் 345 மி.மீ. டிஸ்க்கும் நாலு பிஸ்டன் காலிப்பரும் (டிஸ்க்கை பேடால் அழுத்திப் பிடிக்கும் பாகம்) ஏற்றிவிட்டால், டிக்கியில் கிடக்கும் 16 அங்குல ஸ்டெப்னி முன் சக்கரத்துக்கு உதவாது. 16 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் ஆரம் 203 மி.மீ. நடுப்பள்ளம் அதைவிட உள்ளே இறங்கியிருக்கும். டிஸ்க்கின் ஆரமே 172.5 மி.மீ. மிச்சமுள்ள இடுக்கில் காலிப்பரின் முதுகு அடங்காது. பிரேக் கிட் விற்கும் கடையில் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. பஞ்சர் ஆன இடத்தில்தான் தெரியவரும்.

2020-ல் மத்திய அரசு மோட்டார் வாகன விதியைத் திருத்தியது. டயர் ரிப்பேர் கிட்டும் காற்றழுத்த எச்சரிக்கைக் கருவியும் இருக்கும் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்றாகிவிட்டது. ஆணி குத்தியதற்கு அந்தக் கிட் போதும். மதுரையை அடுத்த மேலூர்ப் பக்கம் கல் ஏற்றிய டிப்பர் ஓடும் சாலையில், பக்கவாட்டு உயரம் குறைந்த 40 சீரிஸ் டயர் அந்தப் பக்கவாட்டில் கிழிந்தால், எத்தனை பாட்டில் திரவம் ஊற்றினாலும் காற்று நிற்காது. பெரிய பிரேக் போட்டவர்கள் ஸ்டெப்னியைக் கைவிடக் கூடாது.

இந்த இடத்துக்குப் பொருந்துவது ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களுக்கு வரும் டி125/70 ஆர்18 மெல்லிய ஸ்டெப்னி. ஐந்து போல்ட், 112 பி.சி.டி. (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், மி.மீ.-ல்), நடுத்துளை 57.1 மி.மீ. மூன்றும் ஆக்டேவியாவுக்கு அப்படியே சேரும். மொத்த விட்டம் சுமார் 632 மி.மீ. கம்பெனி 205/55 ஆர்16 டயரும் அதே 632தான். அதனால் டிக்கிக் குழியில் சிரமமில்லாமல் இறங்கும். ஓடுவது 225/40 ஆர்18 என்றால் விட்டம் 637. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை, இரு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலுக்குப் பெரிய பாரம் ஏறாது.

ஆனால் 18 என்ற எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ரிம்மின் உள்வட்டத்தில் இடம் தாராளமாகவே இருக்கும். மாட்டிக்கொள்வது முகப்பில், அதாவது ஹப்பில் (சக்கரத்தை போல்ட் போட்டு மாட்டும் நடுப்பாகம்) உட்காரும் சக்கரத் தட்டின் பின்புறத்துக்கும் காலிப்பருக்கும் நடுவில். அந்த இடைவெளி பிரேக் கிட்டுக்குக் கிட் மாறும்.

சோதிக்கக் குழந்தைகள் விளையாடும் களிமண் போதும். காலிப்பரின் முதுகில் இரண்டு இடத்திலும், முகப்பில் துருத்தி நிற்கும் மூலையிலும் சுண்டைக்காய் அளவு உருட்டி ஒட்டுங்கள். ஸ்டெப்னியை மாட்டி ஐந்து போல்ட்டையும் கையால் இறுக்கி, ஸ்பேனரால் லேசாக அழுத்தி, சக்கரத்தை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். கழற்றிப் பார்த்தால் களிமண் நசுங்கித் தட்டையாகியிருக்கும். பிளேடால் குறுக்கே வெட்டி, மிக மெலிந்த இடத்தை வெர்னியரில் அளக்க வேண்டும். 3 மி.மீ.க்குக் குறைந்தால் அந்த ஸ்டெப்னி வேண்டாம். பிரேக் சூட்டில் உலோகம் விரியும், திருப்பத்தில் ரிம் சற்றே வளையும், இடையில் ஒரு சிறு கல் சிக்கினாலும் காலிப்பரைச் சீவிவிடும். ரிம்மின் உள்ளே பேலன்ஸ் வெயிட் ஒட்டியிருந்தால் அதன் தடிமனையும் கணக்கில் சேருங்கள். பிரேக் கிட்டில் இருப்பது மிதக்கும் காலிப்பர் (பிரேக் அழுத்தும்போது முழுதாக நகரும் வகை) என்றால் புது பேட் போட்ட நிலையில் அளப்பதே சரி. பேட் தேயத் தேய காலிப்பர் உள்பக்கம் நகரும், பழைய பேடோடு அளந்தால் இல்லாத இடம் இருப்பதாகக் காட்டும்.

இடம் போதவில்லை என்று ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஸ்பேசர் என்ற தட்டு வைத்துச் சமாளிக்கச் சொல்லும் கடைகள் உண்டு. ஸ்டெப்னிக்கு அது கூடவே கூடாது. ஹப் உதட்டின் பிடி போய்விடும், போல்ட்டும் குறைவாகவே ஏறும். இந்த எம்14 போல்ட் ஏழரைச் சுற்றாவது உள்ளே போக வேண்டும்.

பலர் கோட்டை விடுவது போல்ட்டில். கம்பெனி போல்ட்டின் தலைக்கு அடிப்பகுதி உருண்டையாக இருக்கும். வெளியில் வாங்கிய அலாய் சக்கரத்துக்குப் பெரும்பாலும் கூம்பு வடிவ போல்ட் வரும். கூம்பை உருண்டைக் குழியில் இறுக்கினால் மெல்லிய ஒரு வளையத்தில் மட்டும் பிடித்திருக்கும், ஓட ஓடத் தளரும். அலாய்க்கு ஸ்பேசர் வைத்து நீள போல்ட் போட்டவர்களுக்கு இன்னொரு ஆபத்து: அதே போல்ட்டை ஸ்டெப்னிக்குப் போட்டால் ஹப்பைத் தாண்டிப் பின்னால் உள்ள பாகத்தில் இடிக்கலாம். கம்பெனி போல்ட் ஐந்தைத் துணிப்பையில் கட்டி ஸ்டெப்னியோடு வைத்துவிடுங்கள். இறுக்கம் 120 நியூட்டன் மீட்டர், நட்சத்திர வரிசையில். 50 கி.மீ. ஓடியதும் ஒருமுறை சரிபாருங்கள்.

முன்னால் தாராளமாக ஏறினாலும், பஞ்சர் ஆனது முன் டயர் என்றால் நல்ல பின் டயரைக் கழற்றி முன்னால் போட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டுவதே சரி. ஜாக்கி இரண்டு முறை ஏற்ற வேண்டும்தான். ஆனால் ஆக்டேவியாவில் இழுப்பும் திருப்பலும் பிரேக்கின் பெரும்பங்கும் முன் சக்கரத்தில். பெரிய பிரேக்கின் பிடியை 125 மி.மீ. அகல டயர் தாங்காது, ஏ.பி.எஸ். சீக்கிரமே குறுக்கிடும். பின்பக்கம் தூக்கும்போது ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரில் போட்டு, முன் சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுங்கள்.

காற்று 60 பி.எஸ்.ஐ. இதுதான் ஊருக்குள் தொல்லை. பெட்ரோல் பங்க்கில் கார் என்றாலே 33, 35 என்று வைத்துவிட்டுப் போவார்கள், 60 என்றால் தயங்குவார்கள். கொட்டாம்பட்டி, திருமங்கலம் பக்கம் நாலுவழிச் சாலையோர லாரி பஞ்சர் கடையில் கேளுங்கள். லாரி டயருக்கு 100க்கு மேல் பிடிப்பவர்களுக்கு இது சாதாரணம். மாதம் ஒருமுறை, வண்டி வெயிலில் நிற்கும் முன் காலையில் அளப்பது நல்லது.

டயரில் 99எம் என்றிருப்பதைப் பார்த்து (எம் என்பது மணிக்கு 130 கி.மீ. வேகத்துக்கான குறி) 130-ல் ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். ரிம் ஸ்டிக்கரில் இருக்கும் 80 கி.மீ.தான் வரம்பு.

பழைய சரக்காக வாங்கினால் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத் தேதியைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். ஒருமுறைகூட ஓடாத டயரின் ரப்பரும் நம் ஊர் வெயிலில் காய்ந்து வெடிக்கும். தேதி பழையதென்றால், ரிம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விலையைக் குறைத்துத் தருகிறார்கள் என்பதற்காக எடுக்காதீர்கள். களிமண் வைத்துப் பார்க்கக் கடைக்காரர் சம்மதித்தால் மட்டும் பணம் கொடுங்கள்.