ஹின்ஸ்டேல் கவுண்டி: சாலைக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று, எல்லைக்கு வேறொன்று

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், சான் வான் மலைகளுக்குள் இருக்கிறது ஹின்ஸ்டேல் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு). 2020 கணக்கெடுப்பில் அங்கே 788 பேர். நிலத்தில் சுமார் 95 சதவீதம் அரசுடையது. பெரும்பகுதி வனத்துறையிடமும் நில மேலாண்மை அலுவலகத்திடமும் (பிஎல்எம்) இருக்கிறது. மிச்சமுள்ள தனியார் நிலத்தில் கணிசமான பகுதி பழைய வெள்ளிச் சுரங்கத் துண்டுகள்.

இந்த இடத்துக்கு வரைபடம் போட இலவசத் தரவுக்குத் தட்டுப்பாடே இல்லை. ஒரே மலைப்பாதையை மூன்று துறைகள் மூன்று இடங்களில் கோடு போட்டு வைத்திருப்பதுதான் தொல்லை. எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஒரே வரைபட அடுக்காக்க முயன்றால் தவறுகளும் சேர்ந்தே ஒன்றாகிவிடும். ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாகத் தேர்ந்தெடுப்பதே சரி.

சாலை

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகமான சென்சஸ் பீரோவின் டைகர் என்ற வரைபடக் கோப்பு ஆண்டுதோறும் வருகிறது. சாலைப் பெயர், முகவரி எண்களின் வரம்பு, சாலை வகைக் குறியீடு எல்லாம் அதில் உண்டு. நான்கு சக்கரமும் இயங்கும் வண்டிக்கான பாதைக்கு எஸ்1500, சாதாரண உள்ளூர்ச் சாலைக்கு எஸ்1400. அதன் வேர் 1990 கணக்கெடுப்புக்காக 1:100,000 அளவு வரைபடங்களிலிருந்து எடுத்த கோடுகள். அந்த அளவில் தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 100 மீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் அப்போதே தொலைந்துவிட்டன. 2000களில் சென்சஸ் பீரோ 7.6 மீட்டர் துல்லியத்தை இலக்காக வைத்து, கவுண்டி கவுண்டியாகக் கோடுகளைத் திருத்தியது.

தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பலர் ஏமாறும் இடம் இதுதான். 2007–08இல் அமெரிக்கச் சாலைகளை அது டைகரிலிருந்தே மொத்தமாக இறக்கிக்கொண்டது. பல கவுண்டிகளில் இறங்கியது திருத்தத்துக்கு முந்தைய பதிப்பு. ஆகவே யாரும் தொடாத மலைப்பகுதியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் கோடு இன்றைய டைகரைவிடப் பழையதாக இருக்கலாம். கண்டுபிடிக்க எளிய வழி: கோட்டின் குறிச்சொற்களில் 'டைகர் ரிவ்யூட்' என்பதற்கு 'நோ' என்றிருந்து, திருத்த வரலாற்றிலும் மனிதர் கை பட்ட தடயம் இல்லையென்றால் அது வெறும் இறக்குமதி. இன்னொரு அடையாளம், 3,500 மீட்டர் உயரத்துப் பாறைத் தடத்துக்கு 'ரெசிடென்ஷியல்' என்ற வகை. வழிகாட்டும் செயலி அதைக் குடியிருப்புத் தெருவாக நம்பிச் சாதாரணக் காரை மேலே ஏற்றிவிடும். இந்தப் பிழை மனிதர்களைப் பனியில் தவிக்க விடக்கூடியது. கண்ணில் பட்டவுடன் திருத்திவிடுங்கள். மாறாக, யாராவது உட்கார்ந்து லைடார் (விமானத்திலிருந்து லேசர் ஒளியால் உயரத்தை அளப்பது) தரவின் நிழல் படத்தின் மேல் திருத்தி வரைந்த பகுதிகளில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை மிஞ்ச ஆளில்லை.

வனத்துறையின் மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடம் மூன்றாவது. 2005 பயண மேலாண்மை விதியின்படி, எந்தப் பாதையில் எந்த வண்டி எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை போகலாம் என்பதற்குச் சட்டப்படியான ஆவணம் அதுவே. வன நிலத்தில் அந்த வரைபடத்தில் இல்லாத பாதையில் மோட்டார் வண்டி போகக் கூடாது. ஆனால் பிஎல்எம் நிலத்தில் அதில் இல்லை என்பதற்கு ஒரு பொருளும் கிடையாது. எஞ்சினியர் கணவாயையும் (சுமார் 12,800 அடி) சின்னமன் கணவாயையும் (12,640 அடி) இணைக்கும் ஆல்பைன் லூப் பெரும்பாலும் பிஎல்எம் நிலத்தில் ஓடுகிறது. அங்கே பிஎல்எம்மின் சொந்தப் பாதை அடுக்கான ஜிடிஎல்எஃப்பை எடுக்க வேண்டும்.

முடிவாக, கோடு எங்கே என்பதற்குத் திருத்தப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். போகலாமா என்பதற்கு வனத்துறையும் பிஎல்எம்மும். பெயருக்கும் முகவரிக்கும் டைகர்.

உயரம்

இங்கே போட்டி அவ்வளவு கடினமில்லை. அமெரிக்க புவியியல் ஆய்வகத்தின் 3டிஇபி என்ற உயர அளவைத் திட்டத்தில் ஒரு மீட்டர் கட்ட அளவு லைடார் தரவு கிடைக்கும் இடத்தில் அதுவே முதலிடம். இரண்டாம் தர நிலை லைடார் என்றால் சதுர மீட்டருக்குக் குறைந்தது 2 புள்ளிகள், உயரப் பிழை 10 செ.மீ. அளவில். அடுத்தது அதே ஆய்வகத்தின் 10 மீட்டர் தொடர் தரவு. உலகளாவிய கோப்பர்நிகஸ் 30 மீட்டர் தரவு மர உச்சியையும் சேர்த்து அளந்தது. எந்த மட்டத்திலிருந்து உயரத்தை அளப்பது என்ற அடிப்படையும் அதில் வேறு. ஸ்ப்ரூஸ் காடு மண்டிய சரிவில் அதை வைத்து ஓடையின் போக்கைக் கணக்கிட வேண்டாம்.

நுணுக்கமானது எப்போதும் மேல் என்றும் சொல்வதற்கில்லை. பனிச்சரிவு அபாயத்துக்கு 30 முதல் 45 பாகைச் சரிவுகளைத் தேடும்போது, ஒரு மீட்டர் தரவு ஒவ்வொரு பாறையையும் தனிச் சரிவாகக் காட்டிப் படத்தைப் புள்ளிப் புள்ளியாக்கிவிடும். 5 மீட்டருக்குச் சராசரியாக்கிவிட்டுச் சரிவைக் கணக்கிடுங்கள். 30 மீட்டர் தரவோ சின்னச் செங்குத்துகளை விழுங்கி, சரிவைக் குறைத்தே காட்டும்.

10 மீட்டர் தரவில் கிடைமட்ட ஆயங்கள் பாகையில் வரும், உயரம் மீட்டரில் இருக்கும். அப்படியே நிழல் படம் போட்டால் முழுக் கறுப்பும் வெளுப்புமாகத்தான் வரும். முதலில் யுடிஎம் 13 வடக்கு என்ற மீட்டர் ஆயமுறைக்கு (அதன் குறியீட்டு எண் ஈபிஎஸ்ஜி 26913) மாற்றிக்கொள்ளுங்கள். ஒளியை வடமேற்கிலிருந்து மட்டும் விட்டால் ஆழமான பள்ளத்தாக்கில் தென்கிழக்கு பார்த்த சரிவு இருண்டுபோய், அதிலுள்ள பாதைத் தடம் தெரியாது. பல திசை ஒளி என்ற தெரிவைப் பயன்படுத்துங்கள்.

கவுண்டியின் தலைமையூரான லேக் சிட்டிக்குத் தெற்கே ஸ்லம்கல்லியன் மண்சரிவில் எந்தத் தரவையும் தேதி பார்க்காமல் நம்பாதீர்கள். சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் சரிந்து ஆற்றை மறித்து சான் கிறிஸ்டபால் ஏரியை உண்டாக்கிய அதே சரிவில், 3.9 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பகுதி இன்றும் நகர்கிறது. வேகமான இடத்தில் ஆண்டுக்குப் பல மீட்டர். பறந்து அளந்த தேதியைத் தரவின் விவரக்குறிப்பில் பாருங்கள். சில ஆண்டுப் பழைய லைடார் என்றால் அதிலுள்ள விரிசலும் மரமும் இப்போது வேறிடத்தில் நிற்கும்.

எல்லை

பிரச்சினை அதிகம் வருவது இங்கேதான். கவுண்டி மதிப்பீட்டாளரின் நிலத்துண்டு அடுக்கு வரி வசூலுக்காக வரைந்தது. நம்மூர் புல வரைபடம் போல ஒவ்வொரு பக்கத்துக்கும் அளவு எழுதியிருக்காது. பிஎல்எம்மின் செவ்வக அளவை அடுக்கு வேறு வகை: 6 மைலுக்கு 6 மைல் டவுன்ஷிப், அதில் 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். அதன் மூலைப்புள்ளிகளுக்குப் பிழை மதிப்பும் கொடுத்திருப்பார்கள். அந்தப் பிழை மதிப்பைத் திறந்து பார்க்காமல் எல்லை பேசாதீர்கள்.

சுரங்கத் துண்டுகள் இந்தச் செவ்வகத்துக்குள் அடங்காதவை. தாது ஓடும் திசையில் சாய்ந்து கிடக்கும். இந்தப் பகுதியில் முழு லோடு உரிமை (பாறையில் ஓடும் தாது நரம்பின் மேல் தரும் சுரங்க உரிமை) 1,500 அடி நீளம், 300 அடி அகலம், பரப்பு 10.33 ஏக்கர். சோதனை எளிது: துண்டின் நீளப் பக்கத்தை அளந்தால் 457 மீட்டர் வர வேண்டும், குறுக்கே 91 மீட்டர். பக்கங்கள் சரியாக இருந்து பரப்பு மட்டும் குறைந்தால், முந்தைய உரிமையோடு மோதிய பகுதி கழிக்கப்பட்டிருக்கலாம். பக்கமே குறைந்தால் வரைந்தவர் பிழையாக இருக்கலாம். இரண்டையும் பிஎல்எம்மின் பொது நிலப் பதிவேட்டுத் தளத்தில் கிடைக்கும் கனிம அளவை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.

துண்டு முழுவதுமே தள்ளி உட்கார்ந்திருப்பதும் உண்டு. உரிமையின் முதல் மூலையை ஏதாவதொரு செக்‌ஷன் மூலையோடோ கனிமக் கல்லோடோ (சுரங்க அளவைக்கென நட்ட அடையாளக் கல்) திசையும் தூரமும் சொல்லிக் கட்டியிருப்பார்கள். பிற்பாடு அந்தச் செக்‌ஷன் மூலையின் ஆயத்தொலை திருத்தப்பட்டாலும், ஏற்கெனவே வரைந்த உரிமை பழைய இடத்திலேயே நிற்கும். வடிவம் கச்சிதமாக இருப்பதால் பார்வைக்குத் தெரியாது.

இதைவிடச் சின்னதாக இன்னொரு நகர்வு உண்டு. கொலராடோ தெற்கு மாநிலத் தளம் என்ற ஆயமுறை (ஈபிஎஸ்ஜி 2233) அமெரிக்க நில அளவை அடியில் இருக்கிறது. அதைச் சாதாரண 0.3048 மீட்டர் அடியாக எடுத்துக்கொண்டால், லேக் சிட்டி அருகே கிழக்கு ஆயம் சுமார் 25 லட்சம் அடி என்பதால், ஏறக்குறைய 5 அடி விலகும். எல்லாத் துண்டும் ஒரே திசையில் ஒன்றரை மீட்டர் தள்ளியிருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

வரித்துண்டு அடுக்கு யாரிடம் விசாரிப்பது என்பதற்குப் போதும். வேலி, கட்டடம், மரம் வெட்டு என்று வந்தால், உரிமம் பெற்ற நில அளவையாளர் மூல மூலைக்கல்லைத் தரையில் தேடி எடுக்க வேண்டும். காகிதமும் கல்லும் முரண்பட்டால் அங்கே கல்லுக்கே முன்னுரிமை.