பிளாட்பாரக் கல்லும் என் அலாய் வீலும்: ஆறு வருட அனுபவம்

கார் வாங்கி இருபத்து மூன்றாவது நாள். அம்மாவோடு மதுரை கீழமாசி வீதிக்கு மளிகை வாங்கப் போயிருந்தேன். பின்னால் ஒரு லோடு ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அதற்கு வழிவிட இடதுபக்கம் ஒட்டி ஒதுங்கினேன். தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சத்தம். "என்னடா அது?" என்று அம்மா கேட்டார். "ஒண்ணுமில்லம்மா, கல்லு" என்றேன். இறங்கிப் பார்க்கவில்லை. பார்த்தால் அன்றைய பொழுது போய்விடும் என்று தெரியும்.

ராத்திரி எல்லோரும் படுத்தபிறகு செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். இடது பின்சக்கரத்தின் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். நகத்தை வைத்து இழுத்தால் நகம் மாட்டுகிற ஆழம். விரலில் சாம்பல் நிறத் தூள் ஒட்டியது. காரின் மற்ற இடமெல்லாம் ஷோரூம் மெருகு குறையாமல் இருக்க, அந்த ஒரு சாண் மட்டும் கண்ணில் குத்திக்கொண்டே இருந்தது.

2019 விஜயதசமிக்கு எடுத்த வண்டி. இப்போது 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இஞ்சின், மைலேஜ் பற்றியெல்லாம் எழுத ஆள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது நான்கு சக்கரங்களைப் பற்றி மட்டும். நான்கிலும் அடி வாங்கி, நான்கு விதமாக வைத்தியம் பார்த்தவன் நான்.

முதலில் என் ஆசையின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இதே வண்டியின் கீழ் மாடலில் இரும்பு டிஸ்க் வீல், 185/65 ஆர்15 டயர். நான் எடுத்த டாப் மாடலில் டைமண்ட் கட் அலாய், அதாவது முகப்பைச் சீவி மினுக்கிய அலுமினியக் கலவை வீல், 195/55 ஆர்16. டயரோடு சேர்த்து அளந்தால் இரண்டின் விட்டமும் ஏறக்குறைய 621 மில்லிமீட்டர்தான். ஆனால் டயரின் பக்கச்சுவர் உயரம், அதன் அகலமான 185 மில்லிமீட்டரில் 65 சதவீதம், அதாவது 120 மில்லிமீட்டர். என்னுடையதில் 195-இல் 55 சதவீதம், 107. சக்கரம் ஒரு இஞ்ச் பெரிதாகத் தெரிய, ரப்பர் ஒன்றேகால் சென்டிமீட்டர் குறைந்துவிட்டது. கல்லுக்கும் உலோகத்துக்கும் நடுவில் இருந்த மெத்தை அதுதான். வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன், அது வேறு விஷயம்.

ஊரடங்கு வந்தது. 2020-இல் கடைகள் திறந்திருந்த நேரமாகப் பார்த்து உப்புத்தாள், ஒரு சில்வர் ஸ்பிரே டப்பா, மாஸ்கிங் டேப் வாங்கி வந்து நானே இறங்கினேன். 400 நம்பரில் தேய்த்து, 800-இல் தண்ணீர் விட்டு இழைத்து, டயர்மேல் பெயிண்ட் படாமல் இருக்க விளிம்பு முழுக்கப் பழைய விசிட்டிங் கார்டுகளைச் செருகி (இது நல்ல யோசனை, இன்றும் சொல்வேன்) மூன்று கோட் அடித்தேன். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் அருமை. கிட்டே வந்தால் ஒட்டுப்போட்ட வேட்டி.

ஏன் பொருந்தவில்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. டைமண்ட் கட் வீலில் நாம் பார்க்கும் மினுமினுப்பு பெயிண்டே இல்லை. வீல் முழுக்க முதலில் பெயிண்ட் அடித்து, பிறகு லேத்தில் ஏற்றி, வைர முனையால் முகப்பை மட்டும் மெல்லிசாகச் சீவுகிறார்கள். வெளியே வருவது வெறும் அலுமினியம். அதன்மேல் கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பூச்சு மட்டும். வெயிலில் கிட்டே பார்த்தால் கிராமபோன் தட்டு மாதிரி மெல்லிய வரிகள் தெரியும். அந்த வரியை எந்த டப்பாவில் அடைத்து விற்பார்கள்?

இடதுபக்கம்தான் எனக்கு அடிக்கடி அடி. டிரைவர் உட்கார்ந்திருப்பது வலதுபக்கம், கல் இருப்பது இடதுபக்கம், கண்ணுக்கு எட்டாது. அதிலும் பின்சக்கரம் தனி ஜாதகம். இடதுபக்கம் முழுக்க ஒடித்துத் திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போவதில்லை. அரை மீட்டருக்கு மேல் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். டவுன் பஸ் டிரைவர் சிம்மக்கல் திருப்பத்தில் மூக்கை நன்றாக அங்கிட்டு நீட்டிவிட்டுத்தான் இங்கிட்டு ஒடிப்பார். அவர் திமிராக ஓட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கல்லிலிருந்து பின்சக்கரத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

அடுத்த அடி ஒரு கல்யாண மண்டபத்தின் அடித்தள பார்க்கிங்கில். சரிவில் இறங்கும்போது இடது முன்சக்கரம் சுவரோரக் கட்டையில் ஏறி இறங்கியது. இன்சூரன்ஸில் போட்டுவிடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். கணக்குப் பார்த்தேன். 1500 சிசி வரையுள்ள வண்டிக்கு முதல் ஆயிரம் ரூபாய் எப்படியும் நம் கைக்காசு. அதோடு, கிளைம் இல்லாமல் ஓட்டியதற்கான தள்ளுபடி முதல் வருடத்துக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறுவது, ஒரு கிளைம் போட்டால் போய்விடும். பெயிண்ட் அடிக்க ஆகும் செலவே 1,400 ரூபாய். எனவே இன்சூரன்ஸை விட்டுவிட்டு டிங்கரிங் பட்டறைக்குப் போனேன்.

பட்டறைக்காரர் கை சுத்தமான ஆள். பள்ளத்தை அடைக்கும் பட்டி வைத்து, இழைத்து, பிரைமர், சில்வர், கிளியர் என்று வரிசையாகச் செய்தார். என் டப்பா வேலையைவிட நூறு மடங்கு மேல். ஆனால் எட்டு மாதம் கழித்து ஒரு பஞ்சருக்காக டயரைக் கழற்றியபோது, மெஷின் விளிம்பில் பட்டதும் பட்டி ஒரு சில்லாகப் பெயர்ந்து விழுந்தது. டயர் ஏற்றி இறக்குகிற விளிம்பில் பட்டி நிற்காது. இதை அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. ஆழமான கீறலாக இருந்தால் சுற்றியிருக்கும் உலோகத்தைச் சாய்வாக இழைத்துச் சமன் செய்வதுதான் சரி. பட்டி வைப்பதென்றால், வீலின் ஆரக் கம்பிகளின் முகப்பில் மட்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் அழகு சம்பந்தப்பட்டது. அடுத்தது வேறு.

2021 டிசம்பர். அழகர்கோயில் சாலையில் ராத்திரி திரும்பி வரும்போது, எதிரே வந்த வண்டியின் ஹைபீமில் கண் கூசி, மீடியன் தொடங்கும் இடம் தெரியாமல் வலது முன்சக்கரத்தைக் கொடுத்துவிட்டேன். 'டொம்' என்று ஒரே அடி. இறங்கிப் பார்த்தேன். அலாயில் மூன்று விரல் அகலத்துக்குக் கீறல், விளிம்பு கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. காற்று இறங்கவில்லை. அப்பாடா என்று வீட்டுக்கு வந்து, அடுத்த மூன்று நாளும் அந்தக் கீறலைப் பற்றியே கவலைப்பட்டேன். அதே வண்டியில் நான்குவழிச் சாலையில் திருச்சி போய்வந்தேன், நூறில்.

காற்றுப் பிடிக்கப் போன இடத்தில்தான் பஞ்சர் கடை அண்ணன் சக்கரத்தை முழுக்க ஒடிக்கச் சொல்லி, கையை உள்ளே விட்டுத் தடவினார்.

"தம்பி, வெளியதான பார்த்தீங்க? உள்பக்கம் கை வச்சுப் பாருங்க."

வைத்தேன். டயரின் உள்பக்கச் சுவரில் கோழிமுட்டையை நெடுக்காகப் பாதி வெட்டி வைத்த மாதிரி ஒரு வீக்கம். கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டயர் நசுங்கும்போது ரப்பருக்குள் இருக்கும் நூல்கள் அறுந்துபோகின்றன. அப்புறம் அந்த இடத்தில் காற்றைத் தாங்குவது வெறும் ரப்பர்தான். இதற்கு ஒட்டும் கிடையாது, பேட்சும் கிடையாது; டயரை மாற்றியே ஆக வேண்டும். "இதை வச்சுக்கிட்டா திருச்சி போனீங்க?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அங்கேயே ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு வரிசை மாறிவிட்டது. கல்லில் பட்டால் முதலில் டயர், உள்பக்கமும் வெளிப்பக்கமும். அடுத்து ஸ்டியரிங் ஒருபக்கம் இழுக்கிறதா, எண்பதில் நடுங்குகிறதா. பிறகு ரிம்மில் விரிசல், நெளிவு. பெயிண்ட் கடைசியில். விரிசல் இருந்தால் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று சொல்பவரிடமிருந்து வீலை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். காற்றையும் சரியாக வைத்திருங்கள். என் வண்டிக்கு 33 பி.எஸ்.ஐ. 26-இல் ஓட்டினால் அதே கல் இன்னும் சுலபமாக ரிம்மைத் தொட்டுவிடும்.

புது டயர் போட்டு, நெளிவை எடுத்து, 2022 பிப்ரவரியில் முன்சக்கரம் இரண்டையும் டைமண்ட் கட் செய்து தரும் இடத்துக்குக் கொடுத்தேன். ஒன்றுக்கு 3,800 ரூபாய். லேத்தில் இருந்த தம்பி வேலையை நின்று பார்க்க விட்டார். முதலில் ஒரு சின்னக் குச்சி வீலின் முகத்தைத் தொட்டுத் தொட்டு அளவெடுக்கிறது. அந்த வளைவின் வழியே கருவி உள்ளிருந்து வெளியே ஊர்கிறது. அலுமினியம் வெள்ளிச் சரிகை மாதிரி சுருண்டு விழுகிறது. நெளிந்த வீலை நெளிவெடுக்காமல் ஏற்றினால் ஒருபக்கம் ஆழமாகவும் ஒருபக்கம் பட்டும் படாமலும் சீவும் என்றார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உலோகம் போவதால் ஒரு வீலை இரண்டு, மூன்று முறைக்குமேல் சீவ முடியாது என்றும் சொன்னார்.

வீடு வந்த வீல்களைப் பார்த்து அம்மாவே "புதுசா வாங்கிட்டியா?" என்று கேட்டார். அந்தச் சந்தோஷம் இருபது மாதம் இருந்தது. 2023 தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய், தனுஷ்கோடி வரை ஓட்டி, வந்தபிறகு ஒரு வாரம் கழுவாமல் விட்டேன். அந்த ஐப்பசி மழைக்குள் கிளியர் கோட்டுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் புழு ஊர்ந்த தடம். ஒரு கல் தெறித்த புள்ளி போதும். ஈரமும் உப்பும் அதன் வழியே போய், கோட்டுக்கும் உலோகத்துக்கும் நடுவில் அரித்துக்கொண்டே நகரும். மேலே எதைத் தடவினாலும் நிற்காது, மறுபடி சீவத்தான் வேண்டும். செய்தவர்மேல் குறையில்லை. மழையும் கல்லும் கடற்கரைப் பயணமும் உள்ள வாழ்க்கைக்கு டைமண்ட் கட் சரிப்படாது, அவ்வளவுதான்.

நடுவில் அந்த வருடச் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில், கோரிப்பாளையம் பக்கம் போலீஸ்காரர் கைகாட்டிய சந்தில் திருப்பும்போது நாலாவது வீலும் உரசியது. அழகர் ஆற்றில் இறங்கிய நாளில் வந்த கீறல் என்பதால் வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை.

ரிம்மைச் சுற்றி ஒட்டும் ரப்பர் பட்டை ஒரு செட் வாங்கியதையும் சொல்ல வேண்டும். மதுரை வெயிலில் பசை இளகி, நான்காவது மாதம் வாட்டர் வாஷில் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வந்தது. வேண்டாம்.

2023 நவம்பரில் நான்கையும் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்தேன். ஒன்றுக்கு 2,600 ரூபாய், அடர் சாம்பல் நிறம், மினுமினுப்பு இல்லை. பழைய பெயிண்ட் முழுவதையும் எடுத்து, பவுடரைத் தூவி, அடுப்பில் வைத்து உருக்கிப் படிய வைக்கிறார்கள். கொடுக்கும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, அடுப்பின் சூடு. அலாய் வீலை வார்த்தபிறகு சூடேற்றிப் பக்குவம் செய்துதான் பலம் கொடுக்கிறார்கள். மறுபடி அளவுக்கு மீறிய சூட்டில் வைத்தால் அந்தப் பலம் குறையும். 200 டிகிரிக்குள்ளேயே முடிக்கிறார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, நட் உட்காரும் குழியையும், வண்டியில் வீல் மாட்டும் ஹப்பில் ஒட்டும் பின்முகத்தையும் மறைத்துவிட்டுத்தான் பவுடர் அடிக்க வேண்டும். என் வீலில் இரண்டு குழிகளில் பவுடர் இறங்கியிருந்தது. நட்டை முடுக்கும்போது கோட்டிங் நசுங்கி, ஐம்பது கிலோமீட்டரில் நட் லேசாகத் தளர்ந்துவிட்டது. இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரென்ச் வைத்து மறுபடி முடுக்கியதால் கண்டுபிடித்தேன். குழியைச் சுரண்டச் சொல்லி, திரும்ப மாட்டினேன். பேலன்சிங்குக்கு விளிம்பில் கொக்கி மாட்டும் ஈயக்கட்டை வேண்டாம், உள்பக்கம் ஒட்டும் கட்டையே போதும் என்று சொல்லிவிடுங்கள். அந்தக் கொக்கியே கோட்டிங்கைப் பெயர்க்கும்.

இரண்டு வருடம் ஆகப்போகிறது. புழு இல்லை, உரிதல் இல்லை. வெயிலில் பளிச்சென்று மின்னாது, உண்மைதான். பக்கத்து வீட்டுக்காரர் "ஏன் சார் இரும்பு டிஸ்க் போட்டுட்டீங்க?" என்று கேட்டார். கேட்கட்டும். இடது கண்ணாடியில் நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு குட்டிக் குவிகண்ணாடி ஒட்டி, பின்சக்கரமும் கல்லும் தெரிகிற மாதிரி கீழ்நோக்கித் திருப்பி வைத்திருக்கிறேன். செய்த செலவுகளிலேயே உருப்படியானது அதுதான்.

போன மாதம் தங்கச்சி வண்டியை எடுத்துக்கொண்டு தெப்பக்குளம் போய்விட்டு வந்தாள். சாவியைக் கொடுக்கும்போதே முகம் சரியில்லை.

"எந்தப் பக்கம்?"

"இடது, பின்னாடி. சின்னதாத்தான் அண்ணே."

முதலில் டயரின் உள்பக்கம் கையை விட்டுத் தடவினேன். ஒன்றுமில்லை. வெளியே விளிம்பில் நாலு விரல் கீறல், 2019-இல் நான் போட்ட அதே இடத்துக்குப் பக்கத்தில். பெயிண்ட் கடையில் அதே சாம்பல் நிறத்தில் கலக்கி வாங்கி வைத்த சின்ன பாட்டிலை எடுத்து, 800 நம்பர் தாளில் முனை மழுங்க இழைத்து, துணியால் துடைத்து, பிரஷ்ஷை அவளிடமே கொடுத்துவிட்டேன்.